கடைக்குட்டி இன்னும் பறக்கவில்லை

சாலையோர வேலிச்செடியை வெட்டுகிறவனுக்குச் சைக்கிளில் போகிறவர்களிடம் நல்ல பெயர் கிடைத்ததே இல்லை. வெட்டாமல் விட்டால் கிளை முகத்தில் அறைகிறது என்று திட்டுவார்கள். வெட்டினால் முள் டயரில் ஏறுகிறது என்று திட்டுவார்கள். வெட்டியதைக் கூட்டி அள்ளும் நேரத்தில் வந்துவிட்டால், வழியை அடைத்துக்கொண்டு என்ன வேலை என்று அதற்கும் திட்டு உண்டு. காரில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் தெரியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

இத்தனை திட்டுக்கும் கத்தரி வைத்திருந்த பதில் ஒன்றுதான்: தலையை ஆட்டிவிட்டு ஓரமாக நகர்ந்துகொள்வது. கத்தரி என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். சாலைத் துறையின் வெட்டுக் குழுவில் நீளமான கைப்பிடி வைத்த கத்தரி அவன் கையில்தான் எப்போதும் இருக்கும். முன்னால் டிராக்டர் போகும். அதன் பக்கவாட்டில் நீண்ட இரும்புக் கை, கையின் நுனியில் சுற்றும் வெட்டுக்கத்தி. அது வேலியை மென்று துப்பிக்கொண்டே போகும். வளைவுகளிலும் கம்பங்களைச் சுற்றியும் அந்தக் கை எட்டாத இடங்களில் கத்தரி பின்னால் வந்து முடி திருத்துகிற மாதிரி திருத்துவான். பிறகு துடைப்பத்தை எடுப்பான்.

அவனுக்கு மனைவி கிடைத்ததே ஒரு திட்டில்தான்.

அப்போது அவன் குழுவுக்குப் புதிது. ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் வெட்டி முடித்து, கூட்டி, துடைப்பத்தை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். அவனைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே டயர் உஸ்ஸென்று அடங்கியது. இறங்கினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி நேராக அவனிடம் வந்தாள்.

“ஏன்யா, ரோட்டக் கூட்டுனியா, இல்ல எனக்குன்னு ஓரமா எடுத்து வச்சியா?”

“கூட்டுனேங்க.”

“எங்க கூட்டுன?”

“நடுவுல.”

“நான் நடுவுலயா போறேன்? நடுவுல போனா லாரிக்காரன் என்னை விட்டுவைப்பானா? நடுவுல கெடந்த முள்ள எல்லாம் ஓரத்துக்குத் தள்ளியிருக்க. அந்த ஓரந்தான் எங்க ரோடு. தெரியுமா தெரியாதா?”

அவனுக்கு அது உண்மையிலேயே தெரியாது. சாலை சுத்தமாக இருக்கிறதா என்று மேஸ்திரி வண்டிக்குள் இருந்துதான் பார்ப்பார். வண்டியில் இருந்து பார்த்தால் நடுவு சுத்தமாக இருந்தால் எல்லாம் சுத்தம். சாலையோரம் போட்ட வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கிடக்கிற முள் யார் கண்ணிலும் படாது, டயரில் மட்டும்தான் படும்.

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடைக்கு நடந்தான். அவள் கையை வீசிக்கொண்டு பின்னால் வந்தாள். கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தையெல்லாம் விரலால் பொத்திக்கொண்டே போனார். விரல் போதவில்லை.

“பாத்துக்க,” என்றாள் அவள். “எல்லாம் உன் பயிர்தான்.”

“நீங்க ரெண்டு பேரும் இதே மாதிரி சேந்து வந்தா என் பொழப்பு நல்லா நடக்கும்,” என்றார் கடைக்காரர்.

அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, கொஞ்ச நாளில் கல்யாணம் நடந்தது. கடைக்காரருக்குத்தான் நஷ்டம். அன்றிலிருந்து கத்தரி சாலையின் ஓரத்தைத்தான் முதலில் கூட்டினான். கூட்டி முடித்ததும் குந்தி உட்கார்ந்து, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே வெறும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவான். கண்ணுக்குத் தப்பிய முள் கைக்குத் தப்பாது. டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு ரேடியோ என்று பெயர், வாய் மூடாதவன். அவன் மேலே இருந்து குரல் கொடுப்பான்: “பாருங்கடா, பொண்டாட்டிக்குப் பாய் விரிக்கிறான்.” கத்தரி அதற்கும் தலையை ஆட்டுவான். குத்தின முள்ளைப் பல்லால் பிடுங்கித் துப்பிவிட்டு மேலே தடவுவான்.

வீடு ஒரு குடியிருப்பின் மாடியில். ஓர் அறை, ஒரு சமையலறை, சமையலறையில் ஒரு ஜன்னல். சைக்கிள் கீழே படிக்கட்டுக்கு அடியில் நிற்கும். அவள் வேலை முடிந்து வந்து பூட்டுகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்கும். அதன் பிறகு படி ஏறும்போதே பேச்சு ஏறி வரும். சலவைக்கூடத்தில் யார் யாரோடு சண்டை, எந்த டாக்டர் கோட்டுப் பையில் என்ன வைத்து மறந்து அனுப்பினார், எந்த இயந்திரம் நின்றுபோனது, எல்லாம் வாசலுக்கு வருவதற்குள் பாதி சொல்லி முடித்திருப்பாள். அவனுக்குக் கேட்பதுதான் வேலை. கேட்பதில் அவன் கெட்டிக்காரன்.

ஒரு மகன் பிறந்தான். விரலைக் கொடுத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு வளர்ந்தான். அதற்கு மேல் வளரவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், வெறும் கையோடு திரும்பி வந்தார்கள். அவள் மறுபடி வேலைக்குப் போன பிறகு, அந்த வார்டின் துணி மூட்டை கீழே வருகிற போதெல்லாம் கூட இருந்தவர்கள் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. ஒருவர் மேல் ஒருவர் பழி போடவும் இல்லை. பேச்சு மட்டும் வற்றிவிட்டது. படிக்கட்டில் காலடிச் சத்தம் மட்டும் ஏறி வரும். சாப்பிட்டாச்சா. கதவைச் சாத்தியாச்சா. நாளைக்கு மழை வரும் போல. அவ்வளவுதான். ஒருவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அது எங்கே போய் முட்டும் என்று மற்றவருக்குத் தெரிந்துவிடும். அதனால் இருவருமே வாயெடுக்கவில்லை. துவைத்த படுக்கை விரிப்பை மடிக்கும்போது மட்டும் எதிரும் புதிருமாக நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு முனை. அவள் தொழிலே அதுதான் என்பதால் ஒரு சுருக்கம் விழாது. இழுத்து உதறி, பாதியாக்கி, நடந்து வந்து முனைகளை ஒன்று சேர்க்கும்போது விரல்கள் படும். பிறகு அவள் விரிப்பை வாங்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பிவிடுவாள். வருஷங்கள் இப்படியே போயின.

ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில் குழு ஆஸ்பத்திரிச் சாலைக்கு வந்தது. சாலை திரும்புகிற வளைவில் கத்தரி நுனியால் கிளையை விலக்கியபோது உள்ளே ஒரு கூடு தெரிந்தது. உள்ளங்கை அளவுதான். உள்ளே மூன்று முட்டைகள். கையைத் தூக்கினான். ரேடியோ டிராக்டரை நிறுத்தினான்.

“என்னடா?”

“லீவு.”

குழுவில் அப்படி ஒரு வழக்கம். கூடு தென்பட்டால் அந்த இடத்துக்கு லீவு. ஒரு சிவப்புத் துணியைக் கிளையில் கட்டி, சுற்றிலும் ஒரு கை நீளம் விட்டுவிட்டு மற்றதை வெட்டிக்கொண்டு போவார்கள். குஞ்சுகள் பறந்த பிறகு வந்து பாக்கியை வெட்டுவார்கள். ஏட்டில் எங்கும் இல்லாத வழக்கம் அது. மேஸ்திரி போட்ட சட்டம். “குடும்பம் நடத்துறவன் வீட்ட இடிக்காதீங்கடா, நமக்கு ஆகாது,” என்பார். வெட்டாமல் விட்ட இடம் மட்டும் புடைத்துக்கொண்டு சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பெயர் தொப்பை.

அன்று மாலை சாப்பிடும்போது வேறு எதுவும் தோன்றாமல் கத்தரி அதைச் சொன்னான். “உன் வழியில, அந்த வளைவுல, ஒரு லீவு விட்டிருக்கோம்.”

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். “என்ன குருவி?”

“சாம்பக் கலர். சின்னது. மூணு முட்டை.”

“ம்,” என்றாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தான்.

மறுநாள் மாலை கீழே சைக்கிள் பூட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, பல வருஷங்கள் கழித்து, படிக்கட்டில் பேச்சு ஏறி வந்தது.

“என்னங்க, சாம்பல்னு சொன்னீங்க? நெஞ்சுல லேசா மஞ்சள் இருக்கே. சரியாப் பாக்காம என்ன கத்தரியப் பிடிக்கிறீங்க?”

அவன் அடுப்பை அணைக்க மறந்து நின்றான்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். வரும்போது வளைவில் இறங்கி, சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, சிவப்புத் துணிக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். முட்டை பொரிந்தது. மூன்று வாய்கள் தெரிந்தன. “வாயத் தவிர உடம்புல வேற ஒண்ணும் இல்லங்க. எல்லாம் உங்க மேஸ்திரி மாதிரி.” குஞ்சுகளுக்குப் பெயர் வைத்தாள்: பெரியவன், நடுவுலவன், கடைக்குட்டி. பெரியவன் அடாவடி. அம்மாக்காரி கொண்டு வருகிற புழுவை அவனே பிடுங்கிக்கொள்வான். நடுவுலவன் சாது. கடைக்குட்டிக்குக் கழுத்து நிற்கவில்லை, ஆனால் சத்தம் மட்டும் பெரிது.

“அவன் அண்ணன் தலை மேல ஏறி உக்காந்திருக்கான் இன்னைக்கு.”

“தள்ளி விட்டுடப் போறான்.”

“தள்ளுவானா? தள்ளட்டும் பாக்கலாம். நான் போயி காதத் திருகிட மாட்டேன்?”

“குருவிக்குக் காது ஏது?”

“இருக்கும். தேடித் திருகுவேன்.”

அவன் சிரித்தான். சிரிப்புச் சத்தம் அந்தச் சமையலறைக்கே புதிதாக இருந்தது. இருவரும் ஒரு கணம் அப்படியே நின்றார்கள். பிறகு அவள் பேச்சை விட்ட இடத்தில் தொடர்ந்தாள்.

குருவியில் தொடங்கிய பேச்சு மெல்ல மெல்லப் பக்கத்து ஊர்களுக்கும் போய் வர ஆரம்பித்தது. சலவைக்கூடத்துச் சண்டைகள் திரும்பி வந்தன. டாக்டர் கோட்டுப் பைகள் திரும்பி வந்தன. ஒரு நாள் விரிப்பை மடிக்கும்போது, முனைகளைச் சேர்த்த பிறகும் அவள் கையை எடுக்காமல், “நம்ம பையனும் இப்படித்தான், கழுத்து நிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பாக்கணும்னு தலையத் தூக்குவான், ஞாபகம் இருக்கா?” என்றாள். அவன் இருக்கிறது என்றான். விரிப்பு இருவருக்கும் நடுவில் வெகுநேரம் இருந்தது.

பிறகு பெரியவன் பறந்துவிட்டான் என்று வந்து சொன்னாள். அடுத்து நடுவுலவன். கடைக்குட்டி மட்டும் இருக்கிறான் என்றாள். சிறகு சரியாக முளைக்கவில்லை, அம்மாக்காரி விட்டுப் போக மனசில்லாமல் வந்து வந்து ஊட்டுகிறாள் என்றாள். மழையில் நனைந்து கடைக்குட்டி தும்மினான் என்று ஒரு நாள் சொன்னாள். அவன் கவலையோடு கேட்டுக்கொண்டான்.

இதற்குள் குழு நகரத்தின் மறுபக்கத்துச் சாலைகளுக்குப் போய்விட்டது. மேஸ்திரி கேட்டார்: “ஆஸ்பத்திரி ரோட்டு லீவு முடிஞ்சுதா? ஒரு நாள் போயி அந்தத் தொப்பையக் கரைச்சிட்டு வந்துடலாம்.”

“கடைக்குட்டி மட்டும் இன்னும் இருக்குதாம்ணே.”

“இன்னுமா? ரிட்டயர் ஆன பிறகுதான் பறக்குமா அது?”

“என் மச்சான் ஜாதியா இருக்கும்,” என்றான் ரேடியோ. “அவனும் அப்படித்தான், எங்க வீட்டை விட்டுப் பறக்கவே மாட்டேங்கிறான்.”

எல்லோரும் சிரித்தார்கள். கத்தரியும் சிரித்தான். ஆனால் அவனுக்குத் தெரியும். இத்தனை வருஷம் வேலிக்குள் கையை விட்டவன். கூடப் பிறந்தவை பறந்த பிறகு ஒரு குஞ்சு இத்தனை நாள் கூட்டில் உட்கார்ந்திருந்து அவன் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் எட்டிப் பார்த்திருக்கலாம். போகவேண்டும் என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பைப் பிடித்து அப்படியே ஓரமாக வைத்துவிடுவான். போய்ப் பார்த்தால் பார்த்ததைச் சொல்லவேண்டி வரும். சொல்லிவிட்டால் மாலையில் படிக்கட்டில் எது ஏறி வரும்?

ஒன்றே ஒன்று மட்டும் அவன் மனசை அரித்தது. மழைக்கு வேலி வாரிக்கொண்டு வளரும். தொப்பை இந்நேரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டியிருக்கும். சைக்கிளில் வருகிறவர்கள் அந்த இடத்தில் நடுச் சாலைக்கு விலகித்தான் ஆகவேண்டும், அதுவும் வளைவில்.

“அங்க ஏறி மிதிக்காத,” என்றான் ஒரு மாலை. “இறங்கித் தள்ளிக்கிட்டே தாண்டிப் போ.”

“சரி.”

“இல்லாட்டி நான் வந்து வெளிப்பக்கம் மட்டும் ரெண்டு கை வெட்டி விட்டுடட்டுமா? கூட்டைத் தொட மாட்டேன்.”

விரிப்பின் மறுமுனையில் அவள் கை நின்றது. “வேணாங்க. கத்தரிச் சத்தம் கேட்டா பயந்துக்குவான். இன்னும் கொஞ்ச நாள்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி,” என்றான். “இன்னும் கொஞ்ச நாள்.”

தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலையில் மேஸ்திரிக்குப் போன் வந்தது. அவர் தூரமாகப் போய் நின்று பேசினார். திரும்பி வந்து, கத்தரியின் கையிலிருந்த துடைப்பத்தைத் தாமே வாங்கி வண்டியில் போட்டு, “ஏறுடா தம்பி,” என்றார். தம்பி என்று அவர் யாரையும் கூப்பிட்டதில்லை. கத்தரி ஏறினான்.

வளைவுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அவள் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிருந்தார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சைக்கிள் மட்டும் வேலியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சாமான் ஏற்றுகிற வேன் ஒன்று கொஞ்ச தூரத்தில் நின்றது. அதை ஓட்டி வந்தவன் ஈரப் புல்லில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். “செடிக்குப் பின்னாலருந்து வந்தாங்க. தெரியலைங்க. செடிதாங்க தெரிஞ்சுது. செடிக்குப் பின்னாலருந்து வந்தாங்க.”

கத்தரி சைக்கிளிடம் போனான். கை தானாகப் போய்ப் பின்சக்கரத்து டயரை அழுத்திப் பார்த்தது. முன்சக்கரத்தையும் பார்த்தது. காற்று கல் மாதிரி நின்றது. ஒரு முள் கூட ஏறவில்லை. அவன் தடவித் தடவிச் சுத்தம் செய்து கொடுத்த ஓரம் தொப்பைக்கு அடியில் இருந்தது.

சிவப்புத் துணி நனைந்து கறுத்துத் தொங்கியது. அவன் கூட்டைப் பார்க்கவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு, சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்க அவளுக்கு எதிர் முனை பிடிக்கிற பெண் வீட்டுக்கு வந்தாள். பருமனான, வெடுக்கென்று பேசுகிற பெண். அவன் மனைவியின் பூட்டுப் பெட்டியில் இருந்த நீலக் கோட்டையும் சாப்பாட்டு டப்பாவையும் ஒரு பையில் கொண்டு வந்திருந்தாள். சமையலறை முக்காலியில் உட்கார்ந்து பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம என்னால இருக்க முடியல. சொன்னா நீங்க என்னை மன்னிப்பீங்களோ என்னவோ.”

“சொல்லும்மா.”

“அந்தக் குஞ்சுங்க மூணும் ஒண்ணாத்தாண்ணே போச்சு. ஒரு நாள் பாத்தா காலி. மறுநாள் வேலைக்கு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. என்னடின்னு கேட்டா, ‘வீட்டுல பெரியவன் பறந்துட்டான்னு மட்டும் சொல்லியிருக்கேன். மிச்சத்தையும் சொல்லிட்டா இனி சாயங்காலம் போயி என்னத்தச் சொல்லுவேன்’னா. நான்தான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, ‘ஒண்ணப் பாக்கி வச்சுக்கயேன்டி’ன்னேன். விளையாட்டாத்தாண்ணே சொன்னேன்.”

கத்தரி தண்ணீர் மொண்டு அவள் முன்னால் வைத்தான்.

“அப்புறம் தினமும் இதே வேலையாப் போச்சு. மத்தியானம் டப்பாவத் திறந்தா, ‘இன்னைக்குக் கடைக்குட்டி என்ன பண்ணான்னு சொல்லட்டும்?’னு எல்லாரையும் கேப்பா. ஆளுக்கு ஒண்ணு சொல்லுவோம். அதுல நல்லதாப் பாத்து எடுத்துக்குவா. நாங்க எல்லாரும் சேந்து வளத்த பிள்ளைண்ணே அவன்.” அவள் பையை இறுக்கிப் பிடித்தாள். “நான் மட்டும் அதச் சொல்லாம இருந்திருந்தா அந்தச் செடிய எப்பவோ வெட்டியிருப்பீங்க.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். பிறகு கேட்டான்.

“மழையில நனஞ்சு தும்முனான்னு சொன்னா ஒரு நாள்.”

“அது நான் சொன்னதுண்ணே.” அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “குருவி தும்முமாண்ணே?”

“தெரியல. நானும் கேக்கல.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன தெரிந்ததோ, எழுந்து பையை முக்காலி மேல் வைத்தாள். வாசலில் அவன் சொன்னான்: “நீ உன் மனசுல ஒண்ணும் வச்சுக்காத. அந்த நாளெல்லாம் இந்த வீட்டுல நல்லா இருந்துச்சும்மா.”

அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரிச் சாலை வளைவில் உள்ள செடியை உடனே வெட்டவேண்டும். கூட்டுக்காக விடுகிற வழக்கம் இனி எந்தச் சாலையிலும் கூடாது. ஏன் விடப்பட்டது, கூட்டில் குஞ்சு இருந்ததா இல்லையா என்று மேஸ்திரி விசாரித்துச் சொல்லவேண்டும்.

“நீ வர வேணாம்டா,” என்றார் மேஸ்திரி. “நாங்க பாத்துக்கிறோம்.”

“நான் வரேண்ணே.”

வந்தான். ரேடியோ டிராக்டரின் கையை நீட்டியபோது வேண்டாம் என்று சைகை காட்டி, தானே கத்தரியை எடுத்தான். வெளிப்பக்கத்தில் இருந்து தொடங்கினான். அந்த மழைக்கு முளைத்த இளங்கிளைகள், விரலால் கிள்ளினாலே ஒடிகிற பச்சை. அவளிடம் கேட்டானே, வெளிப்பக்கம் மட்டும் ரெண்டு கை வெட்டட்டுமா என்று, அந்த இரண்டு கைதான். அது சீக்கிரமே விழுந்துவிட்டது. அதற்கு உள்ளே பழைய கிளை, அதற்கும் உள்ளே கூடு.

அடிப்பக்கம் இற்றுப்போய் ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகக் கீழேயிருந்து ஒரு புதுத் தளிர் கிளம்பி, கூட்டை ஊடுருவி மேலே வந்து இலை விட்டிருந்தது. ஓர் இறகு இல்லை, எச்சத்தின் சுவடு கூட இல்லை. மழை எல்லாவற்றையும் எப்போதோ கழுவிவிட்டிருந்தது.

மேஸ்திரி பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். அவருக்கும் கண் இருக்கிறது, அவரும் இதே தொழிலில் நரைத்தவர்.  பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

“இது காலியாகி ரொம்ப நாளாயிருக்கேடா. கடைக்குட்டி இருக்குன்னு உனக்கு யாரு சொன்னது?”

கத்தரி கூட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நானே பாத்தேண்ணே.”

“எப்ப?”

“அவ போறதுக்கு முந்தின நாள். இங்க வந்து பாத்தேன். இருந்தான்.”

மேஸ்திரி அவனையே பார்த்தார். அலுவலகத்தில் கேட்பார்கள் என்பதும், நானே பார்த்தேன் என்று சொல்கிறவன் தலையில்தான் எல்லாம் வந்து விடியும் என்பதும் இருவருக்குமே தெரியும். அவள் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தப்பித்துக்கொள்ளலாம். இனி அவளை யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

டிராக்டர் மேலே இருந்து ரேடியோவின் குரல் வந்தது. அவன் சாலையைப் பார்த்துக்கொண்டு, ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டு பேசினான்.

“கடைக்குட்டிதானே? நானும் பாத்தேன். வண்டில இந்தப் பக்கம் போறப்ப. தலையத் தூக்கிக்கிட்டு உக்காந்திருந்தான், மகராசன்.”

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டார். “சரி,” என்றார். “குஞ்சு இருந்துச்சு.” தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை அழுந்தத் துடைத்தபடி வண்டிப் பக்கம் போனார்.

கத்தரி சிவப்புத் துணியை அவிழ்த்தான். கூட்டைக் கிளையோடு வெட்டி வேலிக்கு உள்ளே, மண்ணில் வைத்தான். மிச்சத்தையும் வெட்டி வளைவை நேராக்கினான். பிறகு ஓரத்தைக் கூட்டினான். குந்தி உட்கார்ந்து, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ளங்கையால் தடவிக்கொண்டு போனான். வளைவு தொடங்குகிற இடத்திலிருந்து முடிகிற இடம் வரைக்கும் தடவினான். திரும்பி வந்து மறுபடியும் தடவினான். சைக்கிளில் வந்த ஒருவர் பிரேக் பிடித்து, “வழிய அடைச்சுக்கிட்டு ரோட்டுல என்னய்யா தேடுற?” என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டு ஓரமாக நகர்ந்துகொண்டான். அன்றைக்கு ரேடியோ பாய் விரிக்கிற பேச்சை எடுக்கவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்தான். கொடியில் காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்பை எடுத்தான். தனியாக மடிக்க வரவில்லை. நீலக் கோட்டு தொங்கிய அலமாரியின் கதவில் இரண்டு முனைகளைக் கொடுத்துச் சாத்தினான். மற்ற இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய், இழுத்து, உதறினான். நடந்து வந்து முனைகளைச் சேர்த்தான்.

வழியெல்லாம் நினைத்துக்கொண்டேதான் வந்தான். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். பறந்துவிட்டான், நல்லபடியாகப் பறந்துவிட்டான், நீ இனிமேல் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“கடைக்குட்டி,” என்றான். சுருக்கம் விழுந்த விரிப்பைக் கையால் நீவினான்.

“இன்னும் பறக்கலம்மா. இருக்கான்.”